விடிந்ததும் கலையும் கம்பெனி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை 'நாடக ஆவணச் சேகரிப்பாளர்' என்று அறிமுகம் செய்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் எனக்கு 'நோட்டீஸ்காரர்' என்று பெயர். வீட்டில் வைத்திருக்கும் பெயரைச் சபையில் சொல்ல முடியாது. திருவிழா மணலில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு வள்ளி திருமணமும் பவளக்கொடியும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அதைப் பேசத் தொடங்கினால் நாரதர் வருவதற்கே நள்ளிரவு தாண்டிவிடும். எனவே நாடகம் முடிந்தபின் தரையில் கிடக்கிற காகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இதோ, கையில் இருப்பது ஒரு ஸ்பெஷல் நாடக நோட்டீஸ். ரோஸ் நிறத் தாள். நாலாக மடித்த தழும்பில் நிறம் வெளுத்திருக்கிறது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. யாரோ இதில் வடை மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உச்சியில் அம்மன் துணை. கீழே ஊர்ப் பெயர், பங்குனிப் பொங்கல், தமிழ்த் தேதி, கிழமை, இரவு சரியாகப் பத்து மணி. நடுவில் பெரிய எழுத்தில் 'வள்ளி திருமணம்'. அதைச் சுற்றி நெற்றியில் பொட்டும் முகத்தில் பவுடருமாகச் சின்னச் சின்ன முகங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ். அடியில் ஆர்மோனியம் பின்பாட்டு, மிருதங்கம், பலவகைத் தாளக் கருவிகள் வாசிக்கும் ஆல்ரவுண்டு. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர், ஒரு பட்டம். அதற்கும் கீழே விழாக் கமிட்டிக்காரர்களின் பெயர்கள். சில நோட்டீஸ்களில் அவர்கள்தான் பாதித் தாளை அடைத்துக்கொள்கிறார்கள். கடைசி வரியில் அச்சகம். இவ்வளவும் இருக்கிறது, வருஷம் மட்டும் இல்லை.

வருஷம் ஏன் இல்லை? அந்த ஊர்க்காரனுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வரும் வெள்ளிக்கிழமை நாடகம் பார்க்கப் போகிறவனுக்கு எந்த வெள்ளி என்று தெரியும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ஒரு கிறுக்கன் இதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பான் என்று அச்சுக்கோப்பவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தத் தாளை நான் ஏன் தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர். இசை நாடகத்துக்கு இன்று மேடையில் இருக்கிற பாட்டும் வசனமும் பெரும்பாலும் அவர் போட்டுக் கொடுத்தவை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பையன்கள் கம்பெனிக்கு அவர் ஆசிரியராக இருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த, அவர்களில் ஒரு பையன், பிற்காலத்து அவ்வை தி.க. சண்முகம், 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். கம்பெனி என்றால் இப்படி ஒரு சாட்சி கிடைக்கும். கணக்குப் புத்தகம் இருக்கும், ஊர் ஊராக முகாம் போட்ட தேதி இருக்கும், சீன் பெட்டி இருக்கும், சண்டை போட்டுப் பிரிந்தால் வக்கீல் நோட்டீஸாவது இருக்கும்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறுவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் காரைக்குடியில் முந்தின நாள் கச்சேரியை முடித்துவிட்டு அப்படியே வந்து இறங்குவார். ஒத்திகை என்பதே இல்லை. சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சத்தை மேடையில் பார்த்துக்கொள்வார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எந்தப் பக்கம் இழுப்பார் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. விடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் போய்விடுவார்கள். அதே பத்துப் பேர் மறுபடி அதே வரிசையில் ஒரு மேடையில் கூடுவது அபூர்வம். ஆகவே, ஒரே ஒரு ராத்திரி உயிரோடு இருந்த அந்தக் கம்பெனிக்கு இந்த நோட்டீஸ் ஒன்றுதான் பதிவேடு. இதைத் தொலைத்தால் அந்த இரவில் யார் யாரோடு பாடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. என் ஆயுசில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான். இன்று சொல்ல வந்ததும் இதைத்தான்.

அயல்நாட்டு இசை நாடக ரசிகர்களும் காகிதம் சேர்க்கிறார்கள். நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நுழைந்தால் 'பிளேபில்' என்ற சிறு புத்தகத்தைக் கையில் தருவார்கள். 1884-இல் தொடங்கிய வழக்கம். அதை ஆண்டுவாரியாக அட்டை போட்டு அடுக்கி வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' ஒரே அரங்கில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடியது. நேற்றுப் பார்த்தவர் கையிலும் நாளை பார்ப்பவர் கையிலும் ஏறக்குறைய ஒரே புத்தகம்தான். நம் நோட்டீஸ் அப்படி இல்லை. ஆயிரம் பிரதி அடித்திருந்தாலும் அது ஒரே ஓர் இரவுக்கு உரியது.

அயல்நாட்டுக்காரர்களில் எனக்குப் பிடித்த ஆள் கேப்ரியல் எந்தோவன் என்ற லண்டன் பெண்மணி. நாடகப் பைத்தியம். எண்பதாயிரத்துக்கு மேல் நாடக அறிவிப்புத் தாள்களைச் சொந்தக் காசில் சேர்த்தார். இதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டார்; கடைசியில் 1924-இல் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். சேர்ப்பதைவிடப் பட்டியல் போடுவதுதான் பெரிய வேலை என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் அவருக்கு இணையாகச் சொல்ல ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. புத்தகம் மட்டும் சேர்த்திருந்தால் அவரைப் பத்தோடு பதினொன்றாகச் சொல்லியிருப்போம். மனிதர் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சூசன் சீசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய ஆங்கில நூல் 2005-இல் வந்தது. அதில் நோட்டீஸ்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்தப் படம் மேலே, எது கீழே, எது பெரியது என்பதில் நாடக உலகத்தின் படிநிலை முழுவதும் அடங்கியிருப்பதை அவர் காட்டுகிறார். நம் கலைஞர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. படத்தின் அளவுக்காக ஒரு ராஜபார்ட் அச்சகத் திண்ணையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, வருஷம் இல்லாத தாளுக்கு வருஷம் கண்டுபிடிப்பது எப்படி? இந்த வேலையில் ருசியே அதில்தான்.

முதலில் கிழமை. ஒரு தமிழ்த் தேதி குறிப்பிட்ட கிழமையில் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். பழைய பஞ்சாங்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வருஷங்களை உடனே கழித்துவிடலாம். தமிழ் ஆண்டின் பெயரைப் போட்டிருந்தால் இன்னும் வசதி. துந்துபி என்றிருந்தால் 1922ஆக இருக்கலாம், 1982ஆக இருக்கலாம். அறுபது வருஷ வித்தியாசத்தைத் தாளே சொல்லிவிடும். டிக்கெட் கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று பெரும்பாலும் துணியலாம். அச்சக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. செல்போன் எண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எழுத்தும் பேசும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன் 'லை', 'னை' இரண்டுக்கும் யானைத் துதிக்கைபோல் ஒரு சுழி முன்னால் நிற்கும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. சின்ன ஊர் அச்சகத்துக்காரர் அரசாணை வந்த மறுநாள் ஈய எழுத்துகளை உருக்கிவிட்டுப் புதிதாக வாங்கினாரா என்ன? கேஸில் இருக்கிற எழுத்து தேயும்வரை ஓட்டினார். எனவே பழைய சுழி இருந்தால் பழைய நோட்டீஸ் என்று முடிவு கட்ட முடியாது. புதிய எழுத்து இருந்தால் பெரும்பாலும் பழையதல்ல என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்தது படம். ஆப்செட் வருவதற்கு முன் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பிளாக் செய்ய வேண்டும். மரக்கட்டையில் அறைந்த உலோகத் தகடு. அது சும்மா வருமா? ஒருமுறை செய்த பிளாக்கை வருஷக்கணக்காக ஓட்டினார்கள். அதனால் ஐம்பது வயது ஸ்திரீபார்ட் நோட்டீஸில் இருபத்தைந்து வயதில் சிரித்துக்கொண்டிருப்பார். முகத்தை வைத்துக் காலம் கணித்தால் மோசம் போவோம். பிளாக்கின் தேய்மானத்தை வைத்துக் கணிக்கலாம். ஒரே நடிகையின் ஒரே படம் உள்ள நோட்டீஸ்களை வரிசையாகப் பரப்பி, கன்னத்துப் புள்ளிகள் எதில் கூராக இருக்கின்றன, எதில் மழுங்கி மைத் திட்டாக அப்பியிருக்கின்றன என்று பாருங்கள். இடது ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அதற்குப் பிந்தைய எல்லாத் தாளிலும் அந்தக் கீறல் இருக்கும். மதுரையில் ஓர் அச்சகத்தை மூடியபோது இப்படிப்பட்ட பிளாக்குகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். பழைய ஈயம் பித்தளைக்காரருக்கு எடை போட்டுக் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். முகங்கள் இடவலம் மாறித் தெரியும் அந்தத் தகடுகளை என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே சொல்லவில்லை.

இன்னொரு வழி, ஆட்கள். விசுவநாத தாஸ் பெயர் இருந்தால் 1940-க்குள் வந்த தாள். முருகன் வேஷத்தில் மேடையேறித் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று சென்னையில் வேஷத்தோடேயே மேடையில் உயிரை விட்டார். எஸ்.ஜி. கிட்டப்பா பெயர் இருந்தால் 1933-க்குள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் சேர்ந்து பவளக்கொடி போட்ட நோட்டீஸ் கையில் கிடைத்தால், அந்த நாடகத்தைக் கே. சுப்ரமணியம் 1934-இல் படமாக எடுத்ததை ஒட்டிய சில வருஷங்களில் தேடலாம். கிடைத்தால் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.

பாட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். நாடகக் கொட்டகை வாசலிலும் சந்தையிலும் விற்ற மெல்லிய புத்தகம். சென்னைக் குஜிலிக் கடைகளில் குவியல் குவியலாகக் கிடந்த சரக்கு. என்னிடம் உள்ள ஒரு கோவலன் பாட்டுப் புத்தகத்துக்கு மேலட்டை இல்லை, தையல் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் முதல் உடைமையாளர் பென்சிலும் கையுமாக நாடகம் பார்த்திருக்கிறார். சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. சிலவற்றுக்கு இரண்டு, ஓரிடத்தில் நாலு. 'ஒன்ஸ்மோர்' கேட்ட கணக்கு என்பது என் ஊகம். மாதவியின் பாட்டு ஒன்றைக் குறுக்கே அடித்துவிட்டு ஓரத்தில் 'பாடவில்லை' என்று எழுதியிருக்கிறார். அச்சில் இருந்ததற்கும் மேடையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆராய்ச்சியாளரும் எனக்கு இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம் தாளத்தோடு 'வர்ணமெட்டு' என்று போட்டு, அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த வேறொரு பாட்டைக் குறித்திருப்பார்கள். பார்சி நாடக மெட்டும் இருக்கும், கீர்த்தனையும் இருக்கும். எந்தப் பாட்டு எந்தக் காலத்தில் ஊர் வாயில் இருந்தது என்று அறிய அந்த ஒரு வரி போதும். மறுபதிப்புப் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான்.

இனி இசைத்தட்டுகள், எங்கள் பாஷையில் பிளேட்டுகள். நிமிஷத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். கிட்டப்பா செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 27 வயதில் போய்விட்டார். பேசும் படம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது; அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்கும் கேட்கப் பாடிய மனிதர் நமக்கு இந்தத் தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறார். அதுவும் மேடையில் அவர் விஸ்தாரமாக இழுத்ததை மூன்று நிமிஷத்துக்குள் மடக்கிக் கொடுத்த வடிவத்தில். கே.பி. சுந்தராம்பாள் பிளேட்டுகளும் அப்படியே. ஆனால் அந்த அம்மாள் வாழ்ந்து படங்களில் பாடியதால் அவருடைய மேடைக் குரலை நாம் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கிட்டப்பாவுக்கு அந்த வசதி இல்லை. முழு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்து 'செட்'டாக விற்ற காலம் அது. ஏவி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு 1932-இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் பிளேட்டுகளை விற்ற கடைதான். இன்று செட் முழுசாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐந்தில் ஒன்று உடைந்திருக்கும், உடைந்தது எப்போதும் கிளைமாக்ஸாக இருக்கும்.

பிளேட்டு அரக்கால் ஆனது. தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும், பாட்டும் கூடவே போய்விடும். லேபிளுக்குப் பக்கத்து வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் காலத்தைத் தேட அதுதான் பிடி. காகிதத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், குண்டூசி குத்தாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தாத்தாவின் நோட்டீஸைப் பாசத்தோடு லேமினேட் செய்து மாட்டியிருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு காபி குடித்திருக்கிறேன். அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு வையுங்கள், மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

விலையைப் பற்றியும் கேட்பார்கள். கே.பி.எஸ். அணிந்த உருத்திராட்சம், பாகவதர் வைத்திருந்த அத்தர்ப் புட்டி என்று என் வீட்டு வாசலுக்கே வந்திருக்கின்றன. அத்தனை உருத்திராட்சத்தையும் அந்த அம்மாள் ஒருவரே போட்டிருந்தால் கழுத்து தாங்கியிருக்காது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. கள்ள நோட்டீஸ் அடிக்க எவனும் மெனக்கெட மாட்டான். அதுவே அதன் பெருமை. பிரபலங்களின் பொருளைப் பாதுகாக்கப் பணக்காரர்கள் இருக்கிறார்கள். ஆல்ரவுண்டு வாசித்தவரின் பெயருக்கு இந்தத் தாளைத் தவிர நாதியில்லை.

அந்த நாளில் கலைஞர்களே எழுதி வைத்தது கிடைத்தால் அதற்கு விலையே இல்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் நாடகத்துக்கும் பிளேட்டுக்கும் பாட்டெழுதியவர். நாள் தவறாமல் குறிப்பெழுதிய மனிதர். யார் வந்தார், யாருக்கு என்ன பாட்டுக் கொடுத்தார், எவ்வளவு வந்தது, எந்த ரயிலில் போனார் என்று வரிக்கு வரி கணக்கு. அவர் பேரர் முருகபூபதி அதைப் பாதுகாத்துப் புத்தகமாகவும் கொண்டுவந்துவிட்டார். ஒரு நோட்டீஸை அந்த நாட்குறிப்போடு ஒத்துப் பார்த்து, இரண்டிலும் ஒரே ஊரும் ஒரே தேதியும் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சங்கடமும் இருக்கிறது. சமீபத்திய நோட்டீஸ்களில் நடிகைகளின் செல்போன் எண் அச்சாகியிருக்கும். நாடகத்துக்குத் தேதி கேட்பவர்களுக்காகப் போட்டது. அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ராத்திரியெல்லாம் கண்டவனும் கூப்பிடுகிறான் என்று ஒரு ஸ்திரீபார்ட் அம்மாள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். மேடையேறுகிற பெண்ணை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாழ்கிறவர்களின் நோட்டீஸை வெளியே காட்டும்போது எண்ணை மறையுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் காட்டவே காட்டாதீர்கள், பெட்டிக்குள் கிடக்கட்டும். 1923 முதல் மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. புதுக்கோட்டை போன்ற ஊர்களிலும் சங்கம் உண்டு. நேரில் போய்க் கேட்டால் மூத்த கலைஞர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நோட்டீஸைக் கையில் கொண்டுபோங்கள். "இந்த ராத்திரி ஆர்மோனியக்காரர் வரவில்லை, வேறு ஆள் உட்கார்ந்தார்" என்று தாளில் இல்லாததும் வெளியே வரும். அதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் வீட்டுப் பரண், பழைய ட்ரங்குப் பெட்டி, கோயில் கமிட்டிக்காரர் வீட்டு ரசீதுக் கட்டு, இந்த மூன்றிலும் தேடுங்கள். கிடைத்ததை எனக்குத் தர வேண்டாம். என் வீட்டில் இடமும் இல்லை, என் மேல் நம்பிக்கையும் இல்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் ஸ்கேனரோடு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படியெடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். பின்பக்கத்தில் பென்சிலால், பேனாவால் அல்ல, எந்த ஊரில் யார் வீட்டில் எப்போது கிடைத்தது என்று மட்டும் எழுதித் தாருங்கள். இன்றைக்கு ஏற்கெனவே மூன்று பேர் மஞ்சள் பையோடு வந்திருப்பதைப் பார்த்தேன். அவர்களை முதலில் விடுங்கள்.